இரத்தத்தில் புற்றுநோய்ச் செல்களை எண்ணும் சோதனை: வேலூர்ப் பக்கத்துக் குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய் எலும்புக்கும் கல்லீரலுக்கும் பரவியிருக்கிறது என்று தெரிந்த வாரத்தில், மருத்துவர் ஸ்கேன் சீட்டோடு இன்னொரு தாளையும் நீட்டி, "சி.டி.சி. ஒன்றும் பார்த்துவிடலாம்" என்றார். குடியாத்தத்திலிருந்து விடிகாலையில் கிளம்பி வந்திருந்த எங்களுக்கு அந்த மூன்றெழுத்து என்ன என்று கேட்கக்கூட அப்போது தெம்பில்லை. தலையாட்டிவிட்டு வந்துவிட்டோம். அதன் பிறகு ஒரு இரத்த மாதிரி வீணாயிற்று. கொஞ்சம் பணமும் போயிற்று. எல்லாவற்றையும்விடப் பெரிய இழப்பு, திரும்பக் கிடைக்காத ஒரு நாள். அது கீமோ தொடங்குவதற்கு முந்தைய நாள். அந்த நாள் ஏன் அவ்வளவு முக்கியம் என்பதை யாரும் எங்களுக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. அதனால்தான் உங்களுக்கு இதை எழுதுகிறேன்.

நான் மருத்துவர் இல்லை. இந்தச் சோதனை வேண்டுமா, வேண்டாமா என்பதை உங்கள் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். செய்வது என்று முடிவான பிறகு எங்கெங்கே கால் இடறும் என்பதை மட்டும் என்னால் சொல்ல முடியும்.

1. எதை எண்ணுகிறார்கள் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

கட்டியிலிருந்து சில செல்கள் கழன்று இரத்த ஓட்டத்தில் கலக்கின்றன. அவற்றை எண்ணிச் சொல்வதுதான் சி.டி.சி. சோதனை. கேட்பதற்கு எளிது. ஆனால் 1 மி.லி. இரத்தத்தில் ஏறத்தாழ 500 கோடி சிவப்பணுக்களும் பல லட்சம் வெள்ளையணுக்களும் இருக்கின்றன. அவற்றின் நடுவே இந்தச் செல் ஒன்றோ இரண்டோ இருக்கலாம், இல்லாமலும் போகலாம். ஒரு மண்டி முழுக்கக் கொட்டிக் கிடக்கும் நெல்லில் ஒரே ஒரு கேழ்வரகு மணியைத் தேடுவது போன்ற வேலை இது. குழாயைக் கையாள்வதில் ஏன் இவ்வளவு கெடுபிடி என்பது இதை நினைத்துப் பார்த்தால் புரியும்.

நெடுநாளாகப் பயன்பாட்டில் உள்ள முறை செல்சர்ச். பரவிய மார்பகப் புற்றுநோய்க்கு 2004-இல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் இதற்கு அனுமதி கொடுத்தது. பிறகு பரவிய பெருங்குடல் புற்றுநோய்க்கும் புராஸ்டேட் புற்றுநோய்க்கும் அனுமதி கிடைத்தது. இந்த முறையில் 7.5 மி.லி. இரத்தத்தை எடுத்துக்கொள்கிறார்கள். எப்காம் என்ற புரதத்தைப் பற்றிக்கொள்ளும் நுண்ணிய இரும்புத் துகள்களை அதில் கலந்து, காந்தத்தால் இழுக்கிறார்கள். ஒட்டிக்கொண்டு வந்த செல்களுக்கு ஒளிரும் சாயம் ஏற்றி, வெள்ளையணுக்களை ஒதுக்கிவிட்டு, மீதியை எண்ணுகிறார்கள். வேறு நிறுவனங்களின் வேறு முறைகளும் இருக்கின்றன. அவற்றின் இரத்த அளவு வேறு, குழாய் வேறு, எண் கூடுதலா குறைவா என்று பிரிக்கும் எல்லைக்கோடும் வேறு.

இங்கே இரண்டு பொறிகள். ஒன்று, பெயர்க் குழப்பம். "லிக்விட் பயாப்ஸி" என்ற ஒரே பெயரில் இரண்டு சோதனைகள் புழங்குகின்றன. சி.டி.சி. முழுச் செல்களை எண்ணுகிறது. மற்றது, கட்டி உதிர்த்த டி.என்.ஏ. துணுக்குகளை இரத்தத்தில் தேடி, எந்த மரபணு மாறியிருக்கிறது என்று சொல்கிறது. நுரையீரல் புற்றுநோயில் ஈ.ஜி.எஃப்.ஆர். என்ற மரபணுவின் மாற்றம் பார்க்க அனுப்புவது பெரும்பாலும் இந்த இரண்டாவது சோதனைதான். குழாயும் கட்டணமும் இரண்டுக்கும் வெவ்வேறு. தொலைபேசியில் "லிக்விட் பயாப்ஸி என்ன விலை?" என்று கேட்டால் எதற்கோ ஒரு விலை சொல்வார்கள். சீட்டில் இருக்கும் பெயரை எழுத்துக்கு எழுத்து வாசித்துக் காட்டிக் கேளுங்கள்.

இரண்டாவது, எல்லாப் புற்றுநோய்க்கும் இது பொருந்தாது. இரத்தப் புற்றுநோய்க்கும், எலும்பு, தசைகளில் தோன்றும் சார்கோமாவுக்கும் எப்காம் வழியில் எண்ணும் முறை ஏற்றதில்லை. நோய் பரவாமல் ஆரம்ப நிலையில் இருப்பவர்களுக்கு இரத்தத்தில் இந்தச் செல்கள் மிக அரிது. வந்த எண்ணை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பதும் அவர்கள் விஷயத்தில் உறுதிப்படவில்லை. உடம்பில் ஒன்றும் இல்லாதவர்களிடம் "எதற்கும் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று யாராவது இதை விற்க வந்தால், பணம் கட்டும் முன் ஒரு புற்றுநோய் மருத்துவரைக் கேளுங்கள்.

2. இரத்தம் கொடுக்கும் முன் மருத்துவரிடம் ஒரே ஒரு கேள்வி

"இந்த எண் கூடினால் என்ன செய்வீர்கள், குறைந்தால் என்ன செய்வீர்கள்?"

இந்தக் கட்டுரையில் இந்த ஒரு வரியை மட்டும் எடுத்துக்கொண்டு போனாலும் எனக்குப் போதும். நாங்கள் இதைக் கேட்காமல் பணம் கட்டினோம். எண் ஏறினால் உடனே மருந்தை மாற்றிவிடுவார்கள், அம்மாவுக்கு நாள் கூடும் என்று நாங்களாகவே நினைத்துக்கொண்டோம்.

உண்மை நிலவரம் இதுதான். பரவிய மார்பகப் புற்றுநோயில், சிகிச்சைக்கு முன் 7.5 மி.லி.யில் 5 அல்லது அதற்கு மேல் செல்கள் இருந்தவர்களுக்கு நோய் விரைவாக முற்றியது என்பதை 177 பெண்களிடம் நடத்திய ஆய்வு 2004-இல் காட்டியது. ஆக, நோயின் போக்கைச் சொல்வதில் இந்த எண்ணுக்கு மதிப்பு உண்டு. ஆனால், முதல் சுற்றுக் கீமோவுக்குப் பிறகும் எண் இறங்காதவர்களுக்கு உடனே வேறு கீமோ கொடுத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வு ஒன்றின் முடிவு 2014-இல் வந்தது. அப்படி முன்கூட்டி மாற்றியதால் ஆயுள் கூடவில்லை. அதனால் எண் ஒன்றை மட்டும் பார்த்து மருந்தை மாற்றும் வழக்கம் இல்லை. ஸ்கேன், உடல் நிலை, மற்ற இரத்தச் சோதனைகள் எல்லாவற்றோடும் சேர்த்துத்தான் இதைப் பார்க்கிறார்கள்.

இதைக் கேட்டு மனம் தளர வேண்டாம். இதனால் பயன் கிடைக்கும் இடங்கள் இருக்கின்றன. ஸ்கேன் இரண்டு மூன்று மாதங்களுக்கு ஒருமுறைதான் எடுப்பார்கள். இந்த எண்ணோ மூன்று நான்கு வாரங்களிலேயே ஒரு சாடை காட்டும். எலும்பில் மட்டும் பரவியிருக்கும்போது ஸ்கேனில் மாற்றத்தை அளப்பது கடினம், அங்கே கூடுதலாக ஒரு கண் இருப்பது நல்லது. ஹார்மோன் ஏற்பு உள்ள, அதாவது ஹார்மோனின் தூண்டுதலால் வளரும் மார்பகப் புற்றுநோயில் முதலில் ஹார்மோன் மாத்திரையா, கீமோவா என்று தயங்கும் இடத்தில் இந்த எண்ணைத் துணைக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று பிரான்சில் நடந்த ஆய்வு ஒன்று 2021-இல் சொன்னது. உங்கள் மருத்துவர் இவற்றில் எதற்காகக் கேட்கிறார் என்பது தெரிந்தால், எத்தனை முறை செய்ய வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். "சும்மா தெரிந்துகொள்ளத்தான்" என்ற பதில் வந்து, கையில் பணமும் குறைவு என்றால், வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. சொன்னதற்காக எந்த மருத்துவரும் கோபித்துக்கொள்ளப் போவதில்லை.

3. தாள்கள்

இந்தச் சோதனை எல்லா மருத்துவமனையிலும் உள்ளேயே நடப்பதில்லை. பெரும்பாலும் இரத்தத்தை இங்கே எடுத்து வெளியூர் ஆய்வகத்துக்கு அனுப்புகிறார்கள். அங்கே இருப்பவர்கள் நோயாளியைப் பார்ப்பதில்லை, தாளைத்தான் பார்க்கிறார்கள். ஒரு பிளாஸ்டிக் கோப்பில் இவற்றை இரண்டிரண்டு நகலாக வைத்துக்கொள்ளுங்கள்:

- மருத்துவர் கையெழுத்திட்ட சோதனைக் கோரிக்கைப் படிவம். சோதனையின் முழுப் பெயர், புற்றுநோய் வகை, நிலை எல்லாம் நிரம்பியிருக்க வேண்டும்.
- பயாப்ஸி ரிப்போர்ட். மார்பகம் என்றால் ஈ.ஆர்., பி.ஆர். என்ற ஹார்மோன் ஏற்புகள், ஹெர்-2 என்ற புரதம் ஆகியவற்றின் முடிவுகளோடு.
- கடைசி ஸ்கேன் ரிப்போர்ட்.
- இதுவரை கொடுத்த மருந்துகளின் பட்டியல், ஒவ்வொரு கீமோவின் தேதியோடு. தேதி இல்லாத பட்டியல் உதவாது. காரணம் ஐந்தாம் படியில் வருகிறது.
- ஆதார் நகல், மருத்துவமனை எண் உள்ள அட்டை.
- ஒப்புதல் படிவம். நோயாளியே படித்துக் கையெழுத்திடட்டும். அம்மாவுக்கு நான் வரிக்கு வரி வாசித்துக் காட்டினேன்.

நம் ஊருக்கே உரிய ஒரு பொறி, இனிஷியல். ஆதாரில் "லட்சுமி கோ" என்றும், மருத்துவமனை அட்டையில் "கோ. லட்சுமி" என்றும், பயாப்ஸியில் கணவர் பெயரைச் சேர்த்து "லட்சுமி முருகன்" என்றும் இருந்தால், வெளியூர் ஆய்வகத்தின் கண்ணுக்கு இவர்கள் மூன்று பேர். குழாயில் ஒட்டும் பெயரும் படிவத்தில் உள்ள பெயரும் பொருந்தாவிட்டால் மாதிரியை நிறுத்திவைப்பார்கள். குழாய்க்குள் நேரம் ஓடிக்கொண்டிருக்கும். மருத்துவமனை அட்டையில் எப்படி இருக்கிறதோ அப்படியே எல்லா இடத்திலும் எழுதச் சொல்லுங்கள். மருத்துவமனை எண்ணையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள்.

வெளி மாவட்டத்திலிருந்து வருபவர்களுக்கு ஒரு குறிப்பு. வேலூரின் பெரிய மருத்துவமனையான சி.எம்.சி.க்கு நகருக்குள் ஐடா ஸ்கட்டர் சாலையில் ஒரு வளாகமும், ராணிப்பேட்டைப் பக்கம் கன்னிகாபுரத்தில், சென்னை பெங்களூரு நெடுஞ்சாலையில் இன்னொரு வளாகமும் இருக்கின்றன. எந்த வளாகம் என்று சீட்டைப் பார்த்துவிட்டு ஆட்டோ ஏறுங்கள். அறையும் அந்தப் பக்கமாகவே எடுங்கள்.

4. பணம்

கட்டணம் ஆய்வகத்துக்கு ஆய்வகம் மாறுகிறது. இன்று நான் ஒரு தொகை எழுதினால் நாளை அது பொய்யாகிவிடும். ஐந்து இலக்கத்தில் இருக்கும் என்று எதிர்பார்த்துப் போங்கள். தொகையைவிட, அந்தத் தொகைக்குள் எதெல்லாம் அடங்கும் என்பதைக் கேட்டு வாங்குவதுதான் முக்கியம். எங்களிடம் முதலில் சொன்னதற்கும் கடைசியில் கட்டியதற்கும் 2,100 ரூபாய் வித்தியாசம் வந்தது. குழாய்க்குத் தனி, இரத்தம் எடுப்பதற்குத் தனி, கூரியருக்குத் தனி.

கேட்க வேண்டியவை மூன்று. குழாயும் பெட்டியும் கட்டணத்தில் சேர்த்தியா? மாதிரி கெட்டுப்போனால் மறுமுறைக்குப் பணம் உண்டா? ஒரு முறைக்கா, பல முறைக்குச் சேர்த்தா இந்த விலை? மூன்றாவதில் கவனமாக இருங்கள். மூன்று முறைக்கு மொத்தமாகக் கட்டினால் மலிவு என்பார்கள். இடையில் சிகிச்சை மாறினாலோ, நோயாளியின் உடல் இடம் கொடுக்காமல் போனாலோ அந்தப் பணம் திரும்புமா என்பதை எழுத்தில் வாங்குங்கள். எழுத்தில் தர மறுத்தால் ஒவ்வொரு முறையாகவே கட்டுங்கள்.

காப்பீட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கும். கீமோ, கதிர்வீச்சு, அறுவை என்று வரும்போது இந்த அட்டை உயிர் காக்கும் அட்டை. இன்னும் எடுக்கவில்லை என்றால் இந்தச் சோதனையைத் தள்ளிவைத்துவிட்டு முதலில் அதை எடுங்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருப்பதற்கான வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதார் மூன்றோடும் கலெக்டர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டுத் திட்ட மையத்துக்குப் போக வேண்டும். வருமானச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். 2019-இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்ததை மறந்துவிட்டு இன்றும் பலர் வேலூர் கலெக்டர் அலுவலகம் உள்ள சத்துவாச்சாரிக்கு வந்து திரும்பிப் போகிறார்கள். ஆம்பூர், வாணியம்பாடிக்காரர்கள் திருப்பத்தூருக்கும், ஆற்காடு, வாலாஜா, அரக்கோணத்துக்காரர்கள் ராணிப்பேட்டைக்கும் போக வேண்டும். ஆரணி, செய்யாறு என்றால் திருவண்ணாமலை.

ஆனால் அந்த அட்டை சி.டி.சி. சோதனைக்கும் பயன்படும் என்று நம்பிக் கிளம்பாதீர்கள். எங்களுக்கு இந்தச் சோதனையில் ஒரு ரூபாய்கூட எந்தக் காப்பீட்டிலும் வரவில்லை. மருத்துவமனையின் காப்பீட்டு மேசையில் முன்னதாகக் கேட்டுவிடுங்கள். தனியார் காப்பீடு வைத்திருப்பவர்கள், வெளிநோயாளியாகச் செய்யும் சோதனைக்குப் பணம் தருவார்களா என்று அவர்களின் அலுவலகத்திலேயே கேளுங்கள்.

பயணச் செலவில் ஒரு சலுகை உண்டு. புற்றுநோயாளி சிகிச்சைக்காகவோ பரிசோதனைக்காகவோ ரயிலில் போகும்போது, படுக்கை வகுப்பிலும் மூன்றடுக்கு ஏ.சி.யிலும் அவருக்குக் கட்டணம் முழுவதும் தள்ளுபடி. உடன் வரும் ஒருவருக்கு அந்த வகுப்புகளில் 75 சதவீதம் தள்ளுபடி. ரயில்வேயின் படிவத்தில் மருத்துவரின் கையெழுத்தும் முத்திரையும் வாங்கி, காட்பாடி முன்பதிவு கவுன்ட்டரில் கொடுக்க வேண்டும். நோயாளி வராமல் நீங்கள் மாதிரியை மட்டும் எடுத்துப் போனால் இந்தச் சலுகை கிடைக்காது.

5. நாளைத் தேர்ந்தெடுப்பது

இந்தப் படியில்தான் நாங்கள் தோற்றோம்.

முதல் இரத்தம், சிகிச்சை தொடங்குவதற்கு முன் எடுக்கப்பட வேண்டும். புதிய மருந்துக்கு மாறுவதாக இருந்தால், அந்தப் புதிய மருந்தின் முதல் நாளுக்கு முன். அந்த எண்தான் அடிக்கல். அடுத்து வரும் எல்லா எண்களையும் அதோடுதான் ஒப்பிடுவார்கள். எங்கள் முதல் மாதிரியை ஆய்வகம் ஏற்கவில்லை என்ற செய்தி வந்தபோது அம்மாவின் கையில் கீமோ ஏறிக்கொண்டிருந்தது. பிறகு எடுத்ததில் 11 என்று வந்தது. மருத்துவர் அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, "இது 40-இலிருந்து இறங்கிய பதினொன்றா, மூன்றிலிருந்து ஏறிய பதினொன்றா என்று என்னால் சொல்ல முடியாதே அம்மா" என்றார். குரலில் குறை சொல்லும் தொனி இல்லை. எனக்குத்தான் அழுகை வந்தது.

ஆகவே கீமோ தேதிக்கு மூன்று நான்கு நாட்கள் முன்னதாகவே இரத்தம் கொடுத்துவிடுங்கள். மாதிரி கெட்டால் மறுபடி எடுக்க நேரம் இருக்க வேண்டும். இதற்காகக் கீமோவைத் தள்ளிப்போடச் சொல்லிக் கேட்காதீர்கள். சிகிச்சையே முக்கியம், எண் அதற்குப் பிறகுதான்.

இரண்டாவது, கீமோ மருந்தின் பெயரைப் பாருங்கள். டாக்சோரூபிசின் என்று இருந்தால், அது ஏறிய நாளிலிருந்து குறைந்தது 7 நாட்கள் கழித்துத்தான் செல்சர்ச் சோதனைக்கு இரத்தம் எடுக்க வேண்டும். ரோஜாப்பூ சர்பத் நிறத்தில் இறங்கும், அடுத்த முறை சிறுநீரையும் சிவக்க வைக்கும் மருந்து அது. அந்த மருந்து தானாகவே ஒளிரும் தன்மை கொண்டது. சாயம் ஏற்றி ஒளியைப் பார்த்து எண்ணும் சோதனையில் அது குழப்பம் செய்துவிடும். அடுத்தடுத்த சுற்றுகளில், அடுத்த கீமோ ஏற்றுவதற்குச் சற்று முன் எடுப்பது நல்ல வழக்கம். மருந்தின் தேதிக்கும் இரத்தம் எடுக்கும் தேதிக்கும் உள்ள இடைவெளி ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி இருந்தால்தான் ஒப்பிட முடியும்.

மூன்றாவது, கிழமை. திங்கள் முதல் புதன் வரை எடுங்கள். வெள்ளிக்கிழமை மாலை கொடுத்த குழாய் கூரியர்க் கிடங்கில் ஞாயிறைக் கழித்துவிடும். பொங்கல், தீபாவளி வாரங்களைத் தவிருங்கள். ஆய்வகம் வேறு மாநிலத்தில் இருந்தால் அங்குள்ள விடுமுறைகளையும் கேளுங்கள். நமக்கு வேலை நாளாக இருக்கும் ஒரு நாள் அங்கே பூட்டிக் கிடக்கும்.

6. இரத்தம் எடுக்கும்போது

வீட்டில் பெரியவர்கள், "ஏற்கெனவே இரத்தம் இல்லை, இன்னும் எடுத்தால் தாங்குவாளா?" என்று கேட்பார்கள். எடுப்பது 10 மி.லி. அளவு, இரண்டு தேக்கரண்டி. பயப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள். வெறும் வயிற்றோடு போகத் தேவையில்லை. காலையிலேயே நன்றாகத் தண்ணீர் குடித்துவிட்டுப் போனால் நரம்பு எளிதாகக் கிடைக்கும். கீமோ ஏறிய கைகளில் நரம்பு கிடைப்பது பெரும்பாடு. மார்பக அறுவை நடந்த பக்கத்துக் கையைக் கொடுக்காதீர்கள். அந்தக் கை வீங்கும் அபாயம் உண்டு என்பதை மருத்துவர் ஏற்கெனவே சொல்லியிருப்பார். ஆனால் அவசரத்தில் எடுப்பவர் அதே கையை நீட்டச் சொல்வார். நாம்தான் நினைவுபடுத்த வேண்டும்.

செவிலியரிடம் பணிவாக இரண்டு விஷயங்களைச் சொல்லுங்கள். முதலில் வரும் கொஞ்சம் இரத்தத்தை வேறு குழாயில் எடுத்துவிட்டு, அதன் பிறகு இந்தக் குழாயை நிரப்பட்டும். ஊசி தோலைத் துளைக்கும்போது தோலின் செல்கள் ஒட்டிக்கொண்டு வரலாம், அவை எண்ணிக்கையைக் கெடுக்கும். அன்றைக்கு வேறு இரத்தச் சோதனை இருந்தால் அந்தக் குழாய்களை முதலில் நிரப்பினால் போதும். அடுத்து, ஆய்வகம் கொடுத்த குழாயைத்தான் பயன்படுத்த வேண்டும். செல்சர்ச் என்றால் செல்சேவ் என்ற குழாய். அதில் செல்களைக் காக்கும் மருந்து இருக்கிறது. ஊதா மூடி போட்ட வழக்கமான குழாயில் எடுத்து அனுப்பினால் அந்த ஆய்வகம் ஏற்காது. குழாயின் மேல் அச்சிட்ட காலாவதித் தேதியையும் ஒருமுறை பாருங்கள்.

குழாய் நிரம்பியதும் மெதுவாக எட்டு முறை தலைகீழாகக் கவிழ்த்து நிமிர்த்த வேண்டும். இரண்டாம் முறை எடுத்த சிஸ்டர் அதைச் செய்ததை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். குலுக்கவில்லை. மணிக்கட்டை மட்டும் திருப்பினார். உள்ளே இருந்த காற்றுக்குமிழி ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு நிதானமாக ஊர்ந்து போய் நின்ற பிறகுதான் அடுத்த முறை திருப்பினார். உதடு அசைய எண்ணினார். குலுக்கினால் செல்கள் உடையும், கலக்காவிட்டால் இரத்தம் உறையும். எடுத்த நேரத்தை நிமிடத்தோடு குழாயில் எழுதச் சொல்லி, அந்த லேபிளைக் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

7. குழாய் ஊரைத் தாண்டும் வரை

எங்கள் முதல் மாதிரி ஏன் வீணாயிற்று? ஐஸ் வைத்ததால். எடுத்துப் போனவர் வழக்கமான மாதிரிகளுக்கு வைப்பது போலவே, நல்ல எண்ணத்தில்தான், இரண்டு ஐஸ் பொதிகளுக்கு நடுவே வைத்துக் கட்டியிருந்தார். செல்சேவ் குழாய் குளிரக் கூடாது. 15 முதல் 30 டிகிரி வரை இருக்க வேண்டும், 96 மணி நேரத்துக்குள் சோதனை தொடங்கிவிட வேண்டும். நான்கு நாட்கள் இருக்கின்றனவே என்று நிம்மதி அடையாதீர்கள், முதல் 30 மணி நேரம் கூரியரிலேயே போய்விடும். வேறு முறைகளுக்கு வெப்பமும் நேரமும் வேறு. சிலவற்றுக்குக் குளிர் தேவைப்படலாம். அதனால் ஆய்வகத்தின் குறிப்புத் தாளைக் கேட்டு வாங்கி, அதன் நகலைப் பெட்டியின் மேலேயே ஒட்டுங்கள்.

ஐஸ் கூடாது என்றால் வெயிலும் கூடாது. சித்திரை, வைகாசியில் வேலூர் எப்படிக் கொதிக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 40 டிகிரியைத் தாண்டும் மதியத்தில் இருசக்கர வண்டியின் பெட்டிக்குள் குழாய் கிடந்தால் என்ன ஆகும்? இரண்டாம் முறை நான் யாரையும் நம்பவில்லை. தெர்மாகோல் பெட்டிக்குள் குழாயை நிமிர்த்தி வைத்து, சுற்றிலும் பஞ்சு அடைத்தேன். அப்பா தன் தறியில் நெய்த கைலி ஒன்றை நான்காக மடித்துப் பெட்டியின் மேல் சுற்றிக் கொடுத்தார். காட்பாடியில் ஏ.சி. இருக்கை வண்டி ஏறி, சென்னை சென்ட்ரல் வரை மடியிலேயே வைத்துக்கொண்டு போய், சேகரிப்பு மையத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு திரும்பினேன். டிக்கெட்டுக்குப் போன பணம், இழந்த ஒரு மாதிரியின் விலையோடு பார்த்தால் சிறிது.

எல்லோராலும் இப்படிப் போக முடியாது. கூரியரில் அனுப்பினால் மாலை வண்டி கிளம்பும் நேரத்தைக் கேட்டு, அதற்கு இரண்டு மணி நேரம் முன்னதாக இரத்தம் கொடுங்கள். கண்காணிப்பு எண்ணை வாங்குங்கள். மறுநாள் நீங்களே ஆய்வகத்துக்குப் பேசி, "வந்ததா? ஏற்றுக்கொண்டீர்களா?" என்று இரண்டையும் கேளுங்கள். வந்தது வேறு, ஏற்றது வேறு.

8. எண்ணைப் படிப்பது

ரிப்போர்ட் எத்தனை நாளில் வரும் என்பதை முன்பே கேட்டு, மருத்துவரைப் பார்க்கும் நாளை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். கையில் வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது எண்ணை அல்ல. எந்த முறை, எத்தனை மி.லி. சோதித்தார்கள் என்ற வரியைப் பாருங்கள். 7.5 மி.லி.க்குக் குறைவாகச் சோதித்திருந்தால் 5 என்ற எல்லைக்கோட்டை அப்படியே பொருத்த முடியாது. அந்த எல்லைக்கோடும் மார்பகத்துக்கும் புராஸ்டேட்டுக்கும் 5, பெருங்குடலுக்கு 3.

சுழியம் என்று வந்தால் வீட்டில் பாயசம் வைக்கத் தோன்றும். நல்ல செய்திதான். ஆனால் நோய் போய்விட்டது என்று அதற்குப் பொருள் இல்லை. சில புற்றுநோய்ச் செல்கள் எப்காம் புரதத்தை உதறிவிட்டுத் திரியும், காந்தம் அவற்றைப் பிடிக்காது. சுழியம் வந்ததென்று ஸ்கேனைத் தவிர்ப்பதோ மாத்திரையை நிறுத்துவதோ கூடாது. அதே போல 2 என்பது 3 ஆனால் நோய் ஏறிவிட்டது என்று இரவெல்லாம் விழித்திருக்க வேண்டாம். அவ்வளவு அரிய செல்களை எண்ணும்போது ஒன்றிரண்டு கூடுவதும் குறைவதும் தற்செயலாகவே நடக்கும். 5-க்குக் கீழிருந்து மேலே போவதும், மேலிருந்து கீழே வருவதும், திரும்பத் திரும்ப ஒரே திசையில் நகர்வதும்தான் மருத்துவர் கவனிப்பவை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ரிப்போர்ட் கைபேசிக்கு வந்துவிடும். நோயாளியின் எண்ணுக்கு அனுப்ப வேண்டுமா, உங்கள் எண்ணுக்கா என்பதைப் படிவம் நிரப்பும்போதே அவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். அம்மா, "எனக்கே வரட்டும், என் உடம்பு" என்றாள். அதுவே சரி.

9. அடுத்தடுத்த முறைகள்

அதே ஆய்வகம், அதே முறை, கீமோவிலிருந்து அதே இடைவெளி. விலை குறைவு என்று நடுவில் ஆய்வகத்தை மாற்றினால் பழைய எண்கள் எல்லாம் பயனற்றுப் போகும். வழக்கமாக முதல் எண்ணுக்குப் பிறகு மூன்று நான்கு வாரத்தில் ஒன்று, பிறகு ஸ்கேன் எடுக்கும் சமயங்களில் ஒன்று என்று வைத்துக்கொள்கிறார்கள். உங்களுக்கு எத்தனை என்பதை மருத்துவர் சொல்வார். சி.ஏ. 15-3, சி.இ.ஏ., பி.எஸ்.ஏ. போன்ற விலை குறைந்த இரத்தச் சோதனைகளும் நோயின் போக்கைப் பார்க்கத்தான் செய்யப்படுகின்றன. பணம் நெருக்கினால் அவற்றையும் ஸ்கேனையும் வைத்தே நடத்த முடியுமா என்று கூசாமல் கேளுங்கள்.

ஒரு நாற்பது பக்க நோட்டில் கோடு போட்டு வைத்திருக்கிறேன்: தேதி, கீமோ எத்தனையாவது சுற்று, எந்த மருந்து, இரத்தம் எடுத்த நேரம், எண், அந்த மாதத்து ஸ்கேன் முடிவு ஒரு வரியில். மருத்துவர் கணினியைத் திறப்பதற்கு முன் அந்த நோட்டைத்தான் கேட்கிறார். அம்மாவின் பதினொன்றுக்குக் கீழே அடுத்த வரியில் நான்கு என்று எழுதியிருக்கிறது, ஸ்கேனில் கல்லீரல் கட்டிகள் சிறுத்திருக்கின்றன என்பது அதற்குப் பக்கத்தில். அடுத்த இரத்தம் வரும் செவ்வாய்க்கிழமை. தெர்மாகோல் பெட்டியைத் துடைத்து அலமாரியின் மேல் வைத்திருக்கிறேன், கைலி அதற்குள்ளேயே மடித்து இருக்கிறது.